பாதி மாத்திரை

நாலாயிரத்து முந்நூற்று இருபது. உடைந்தது பன்னிரண்டு டைல்ஸ், ஒன்று முந்நூற்று அறுபது. மேஸ்திரி செல்போனில் ஒருமுறை தட்டிப் பார்த்தான். நம்பாமல் வாயாலும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தான். இரண்டிலும் அதே தொகைதான் வந்தது.

"இத யார் தலையில கட்டுறது? சொல்லுங்க. வீட்டு ஓனர் தலையிலயா, என் தலையிலயா?"

டைல்ஸ்காரர் உடைந்த துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் தோல் வழன்று எரிந்தது.

"என் தலையில கட்டு மேஸ்திரி" என்றார். தலை என்றதும் கை தானாகப் போய்த் தலையைத் தொட்டுப் பார்த்தது. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

மேஸ்திரி வேற்று ஆள் இல்லை, அவர் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. வீட்டுக்கு வந்தால் "மாமா" என்பான். கட்டடத்துக்குள் கால் வைத்துவிட்டால் மற்றவர்களைப் போல அவனும் "ரசமட்டம்" என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பேர் சும்மா வரவில்லை. ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு டைல்ஸ்காரர் விடமாட்டார். தரையில் மல்லாக்கச் சாய்ந்து, அப்படியே புரண்டு வலது கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரை முழுவதையும் நீளவாக்கில் ஒரு பார்வை பார்ப்பார். ஒரு டைல் தாள் கனத்துக்குத் தூக்கி நின்றாலும் அந்தப் பார்வைக்குத் தப்பாது.

மேஸ்திரி குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தான்.

"ஊதுங்க."

"எதுக்கு?"

"ஊதுங்கன்னா ஊதுங்க."

ஊதினார். காலையில் குடித்த டீயின் வாடைதான் வந்திருக்க வேண்டும். மேஸ்திரியின் முகம் அதற்காக ஒன்றும் தெளிந்துவிடவில்லை.

"வாடை இல்லன்னா குடிக்கலன்னு ஆயிடுமா? வாடை வராத சரக்கெல்லாம் இப்ப வந்துருச்சு. ரெண்டு வாரமா பாக்குறேன். படுத்துப் பாக்குறப்ப தரையைக் கட்டிப் பிடிச்சுக்கிறீங்க. கேட்டா ஒண்ணுமில்லங்குறீங்க. இன்னிக்கு டைல்ஸ் பெட்டியோட விழுந்திருக்கீங்க. நாளைக்குச் சாரத்துல இருந்து விழுந்தா எங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சத்தியமா நான் தொடல மேஸ்திரி."

"இந்தச் சத்தியத்த நான் முன்னாடியும் கேட்டிருக்கேன்."

உண்மைதான். ஒரு காலத்தில் அவர் குடித்தார். கொஞ்சநஞ்சமாக இல்லை. கையில் கூலி விழுந்தால் கால் எந்தப் பக்கம் போகும் என்று கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனால் விட்டவனை ஊர் விடுவதில்லையே. ஒரு நாள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால்கூட மூக்கை உறிஞ்சிப் பார்க்கிறார்கள்.

"இன்னொரு தடவ இப்பிடி நடந்தா நான் வேற ஆளப் போட்டுக்குவேன். சொந்தமெல்லாம் வீட்டோட. டைல்ஸ் காசு கூலியில கழியும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டான்.

வேறு ஆளைப் போட்டுவிட்டால் அவருக்கு வேறு இடம் கிடையாது. குடித்த காலத்தில் அவரைத் துரத்தாத மேஸ்திரி இந்த வட்டாரத்தில் இவன் ஒருவன்தான். இவனும் கைவிட்டுவிட்டான் என்று தெரிந்தால் காரணம் என்னவென்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

இது ஆரம்பித்தது படுக்கையில். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. தூக்கத்தில் வலது பக்கம் புரண்டார். அவ்வளவுதான். கலவை மெஷினுக்குள் யாரோ தன்னைத் தூக்கிப் போட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டது போல அறை சுற்ற ஆரம்பித்தது. மின்விசிறி நிற்கிறது, சுவர் சுற்றுகிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். மூடின கண்ணுக்குள்ளும் சுற்றியது. அரை நிமிடம் இருக்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் அதது இடத்தில் வந்து நின்றுகொண்டது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது மட்டும் மிச்சம்.

அன்றைக்கு வேலைக்குப் போய், வழக்கம் போல வலது கன்னத்தைத் தரையில் வைத்தபோது மறுபடியும் அதே கூத்து. போட்டு முடித்த தரை அப்படியே எழுந்து சுவரேறப் போவது போல இருந்தது. இரண்டு கையாலும் தரையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தரையைப் பிடித்தால் தரை நிற்குமா?

அவருக்கு வந்த முதல் பயம் நோயைப் பற்றியது அல்ல. பழைய குடியெல்லாம் உடம்பில் எங்கேயோ தேங்கிக் கிடந்து இப்போது வேலையைக் காட்டுகிறதோ என்று பயந்தார். குடிக்காமலே போதை ஏறுமா? யாரிடம் போய் இதைக் கேட்பது? கேட்டால் கேள்வியே வாக்குமூலம் ஆகிவிடும். ஒருநாள் தன் பையைத் தானே ஒருமுறை குடைந்து பார்த்தார். கரண்டி, சுத்தி, நூல்கண்டு, ரசமட்டம். பாட்டில் எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் ஏன் தேடினோம் என்று வெட்கமாக இருந்தது.

வலது பக்கம் திரும்பினால்தானே வம்பு என்று ராத்திரியில் இடது பக்கமாகவே படுக்கப் பழகினார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. வலது பக்கம் படுத்திருப்பது அவர் மனைவி.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"நான் என்ன பண்ணிட்டேன்னு சுவத்தப் பாத்தே படுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா எனக்கு முதுகக் காட்டுறீங்க? எந்தம்பி ஏதாவது சொன்னானா?"

"அவன் என்ன சொல்றது. தல சுத்துதுடி."

"என்னப் பாத்தாலா?"

"உன்னப் பாத்தா இல்ல. உன் பக்கம் திரும்புனா."

"ரெண்டும் ஒண்ணுதானே!" என்று அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவர் முழுக் கதையையும் சொல்லித் தீர்க்க வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல அவள் கோபம் இறங்கியது. முடிக்கும்போது அவள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது பிரஷருங்க. சந்தேகமே வேணாம். எனக்கும் முதல்ல தல சுத்தல்னுதான் போனேன், அங்க பாத்தா பிரஷர்னாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிரும். அதுவுமில்லாம உந்தம்பி…"

"போக வேணாம். எங்கிட்ட இருக்குல்ல?"

அவளுக்கு மாதா மாதம் தெருமுனை ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை தருவார்கள். ஒரு நாளைக்கு ஒன்று. மறுநாள் காலை ஒரு மாத்திரையைப் பலகையில் வைத்துக் கத்தியால் அமுக்கினாள். அது சரிபாதியாக உடையவில்லை. கொஞ்சம் பெரிதாக இருந்த துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சின்னத் துண்டைத் தான் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஆச்சு. செலவும் மிச்சம்."

இப்படி மூன்று நாள் போனது. வலது பக்கத்துச் சுற்றல் நின்றபாடில்லை. நான்காம் நாள்தான் டைல்ஸ் உடைந்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டார். குந்தி உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தது நினைவிருக்கிறது. இந்த முறை எதுவும் சுற்றவில்லை. நான்கு பக்கத்திலிருந்தும் கறுப்புத் துணியை இழுத்து மூடுவது போல இருட்டிக்கொண்டு வந்தது. கண் திறந்தபோது பன்னிரண்டும் போயிருந்தது.

வீட்டில் சொன்னதும் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள்.

"பாதி பத்தலங்க. ஆம்பள உடம்பு, வெயில்ல வேலை. பாதி எந்த மூலைக்கு?"

அன்று முதல் ஒரு நாள் அவருக்கு முழு மாத்திரை, மறுநாள் அவளுக்கு முழு மாத்திரை. அவளுடைய நியாயம் அது. எங்கேயும் ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் பாடு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆனது. படுத்துத் திரும்பினால் சுற்றுகிறது. எழுந்து நின்றால் இருட்டுகிறது. உட்கார்ந்திருந்தால் மட்டும் உலகம் ஒழுங்காக இருக்கிறது. உட்கார்ந்தபடியே பிழைக்கிற தொழிலுக்கு அவர் இனிமேல் எங்கே போவார்?

அந்த மாதத்து மாத்திரை வாங்க மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று மேஸ்திரி வீட்டுக்கு வந்தான்.

"மாமாவையும் கூட்டிட்டு வாக்கா. நானும் வர்றேன். குடியா, நோயான்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"குடிச்சா நான் விடுவேனாடா?"

"நீ தூங்கிட்டிருப்ப. டாக்டர் முழிச்சிட்டிருப்பாங்க. கேட்டுருவோம்."

ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் இல்லை. இரண்டு அறை, ஒரு நீளப் பெஞ்சு, ஓரத்தில் எடை பார்க்கும் மெஷின். தரை டைல்ஸ் போட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் டைல்ஸ்காரர் அதைத்தான் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு வரிசை இறங்கியிருந்தது. உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா, தன் கண்தான் இறக்குகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. முன்பெல்லாம் இந்தச் சந்தேகம் அவருக்கு வந்ததே கிடையாது. மேஸ்திரியிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தார். அவன் இவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் முதலில் மனைவியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினாள். அடுத்து டைல்ஸ்காரருக்குச் சுற்றினாள். அதையும் இரண்டு தடவை பார்த்தாள். மறுபடி உதட்டைப் பிதுக்கினாள். ஒரே உதட்டை இரண்டு பேருக்கும் பிதுக்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மா நடுவயதுக்காரர். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. மனைவியின் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நூத்தி எழுபதுக்கு நூறு. போன மாசம் அழகா இருந்துச்சேம்மா. மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒரு நாள் தவறாது டாக்டரம்மா. இந்தாங்க." அவள் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

டாக்டரம்மா அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் தீர வேண்டிய கணக்கில் தீர்ந்திருந்தன.

"உப்பு அதிகமா போடுறீங்களா? தூக்கம் இருக்கா? மூட்டு வலி மாத்திரை ஏதாவது கடையில வாங்கிச் சாப்பிட்டீங்களா?" எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. "எனக்கே குழப்பமா இருக்கு. சரி, வீட்டுக்காரரப் பாத்துட்டு வர்றேன். உங்களுக்கு என்ன?"

"தல சுத்தல்" என்றார் டைல்ஸ்காரர்.

"தல சுத்தலா, வேற ஏதாவதான்னு கேட்டுச் சொல்லுங்க டாக்டர்" என்றான் மேஸ்திரி. "ஊதச் சொல்லிப் பாருங்க."

"நீங்க யாரு?"

"மச்சினன். மேஸ்திரி."

"மச்சினனா பேசுறீங்களா, மேஸ்திரியா பேசுறீங்களா?"

டாக்டரம்மா டைல்ஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"சுத்துதுன்னா எப்பிடி? ராட்டினத்துல உக்காந்த மாதிரி சுத்துதா? இல்ல, கண்ணு இருட்டிட்டு வருதா?"

"ரெண்டும்."

"ரெண்டும் சேர்ந்தா, தனித்தனியாவா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துப் பார்த்தார்.

"தனித்தனியா. படுத்தா சுத்துது. எந்திரிச்சா இருட்டுது."

டாக்டரம்மா சிரிக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார், விரலை மூக்குக்கும் தன் விரலுக்கும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். பேச்சு குழறியதா, கை கால் மரத்ததா, காது கேட்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி, நின்றபடியே மறுபடி பார்த்தார். நின்றதும் டைல்ஸ்காரருக்குப் பழையபடி கறுப்புத் துணி மூடத் தொடங்கியது. சிஸ்டர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நின்னா எண்பத்தி நாலு! இது என்ன கூத்து? ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க" என்றார். சொல்லும்போது மனைவியைப் பார்த்துவிட்டார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரையெல்லாம் சாப்பிட மாட்டார் டாக்டர்" என்றான் மேஸ்திரி. "அவர் சாப்பிடுறதே வேற."

"கொஞ்சம் சும்மா இருங்க." டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மனைவியின் சீட்டை இழுத்தார். "அம்மா, உங்களுக்கு முதல்ல முடிச்சிடுறேன். இருக்கிற மாத்திரை பத்தல. ரெட்டிப்பு டோஸ் எழுதுறேன். அதையே சாப்பிடுங்க."

"சரிங்க" என்றாள் மனைவி சட்டென்று. அவள் முகத்தில் ஒரு மலர்ச்சிகூட வந்தது. அந்த மலர்ச்சி எதற்கு என்று டைல்ஸ்காரருக்கு மட்டும்தான் தெரியும். ரெட்டிப்பு மாத்திரை என்றால் பாதிப் பாதியாகப் பிரித்தாலே இரண்டு பேருக்கும் முழுசு கிடைத்துவிடும்.

இங்கே வாயைத் திறந்தால் மச்சினன் முன்னால் மானம் போகும். திறக்காவிட்டால், இவள் தனக்குப் பாத்தியப்பட்டதை எல்லாம் அரிந்து அரிந்து இவருக்கே கொடுத்துக்கொண்டிருப்பாள். நூற்றி எழுபது என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. சிஸ்டர் உதடு பிதுங்கியதுதான் தெரியும்.

"அவளுக்குக் கூட்டாதீங்க டாக்டரம்மா" என்றார். "அவ மாத்திரையத் தின்னது நான்தான்."

சிஸ்டர்தான் முதலில் சிரித்தாள்.

"எத்தன நாளா?" என்றார் டாக்டரம்மா.

"முதல்ல பாதி. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுசு."

"யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றாள் மனைவி. திருட்டு முழி முழித்தாள். "தல சுத்துதுன்னார். எனக்கும் தல சுத்துனப்ப இதைத்தான் குடுத்தீங்க. கூலி வேற போயிடும்னு…"

"அடக் கடவுளே. நான் உங்க பிரஷர் ஏன் ஏறுதுன்னு இங்க மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கேன். உங்க பிரஷர் எங்கயும் போகல. உங்க வீட்டுக்காரர் வயித்துக்குள்ள மாத்திரை போயிருக்கு. இவருக்கு இல்லாத பிரஷருக்கு மருந்து, உங்களுக்கு இருக்கிற பிரஷருக்கு மருந்து இல்ல." டாக்டரம்மா எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "பழைய மாத்திரையே போதும். ஆனா தினமும், முழுசா, நீங்க மட்டும். ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டணும். புருஷன் பொண்டாட்டி எதை வேணாலும் பங்கு போடுங்க, மாத்திரையப் போடாதீங்க."

"அப்ப அந்த இருட்டு?" என்றார் டைல்ஸ்காரர்.

"மாத்திரை, வெயில், வெறும் வயிறு. இன்னியோட நிறுத்துங்க. போயிடும்."

"பெட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சப்ப இருட்டிட்டு விழுந்தேனே, அதுவும்…"

"அதுவும் அதுதான்னு தோணுது. ஆனா எனக்கு இன்னும் கணக்கு முடியல. மாத்திரைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சுத்தியிருக்கே, அது என்ன? எந்தப் பக்கம் படுத்தா?"

"வலது பக்கம். அவ பக்கம்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா அவரைக் கட்டிலில் நீளவாக்கில் உட்காரவைத்தார். தலையை வலது பக்கம் திருப்பி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடாதீங்க, என்ன ஆனாலும் மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி கலவை மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் சிஸ்டரின் கையைப் பிடித்து நெரித்தார்.

"மேஸ்திரி, இங்க வாங்க. அவர் கண்ணப் பாருங்க."

மேஸ்திரி எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மாமாவின் கருவிழி இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்து ஆடிக்கொண்டிருந்தன.

"ஐயையோ! என்ன டாக்டர், கண்ணு இந்தக் குதி குதிக்குது?"

"இத யாராலயும் வேணும்னு செய்ய முடியாது. அப்பிடியே இருங்க, நின்னுடும்… நின்னுடுச்சா?"

நின்றுவிட்டது. டாக்டரம்மா தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு உடம்போடு இடது பக்கம் புரளச் சொல்லி, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்து மறுபடி காத்திருந்தார். கடைசியில் தூக்கி உட்காரவைத்தார். மல்யுத்தத்தில் தோற்றவர் போல டைல்ஸ்காரர் மூச்சு வாங்கினார்.

"காதுக்கு உள்ளே தண்ணி இருக்கிற சின்னச் சின்னக் குழாய் இருக்கு. நாம எந்தப் பக்கம் சாயுறோம்னு மூளைக்குச் சொல்றது அதுதான். பக்கத்துலயே பொடிப்பொடியா மணல் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். அது சில சமயம் கழண்டு குழாய்க்குள்ள விழுந்துடும். தலையைத் திருப்புறப்ப அந்த மணல் உருளும், உலகமே சுத்துற மாதிரி இருக்கும். இப்ப நான் பண்ணுனது அந்த மணல உருட்டி வெளிய தள்ளுறதுதான்."

"தள்ளியாச்சா?"

"பாப்போம்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வலது பக்கம் சாய்த்தார். டைல்ஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். வரவே இல்லை. வராதது அவருக்கு ஏமாற்றம் போலக்கூட இருந்தது.

"மாத்திரை?" என்றாள் மனைவி.

"வேணாம்."

"ஊசி?"

"வேணாம்."

"ஒண்ணுமே வேணாமா? சும்மா தலையத் திருப்பிவிட்டதுக்கா சரியாயிடும்?"

"நிறையப் பேருக்கு ஆயிடும். சிலருக்குத் திரும்ப வரும். வந்தா வாங்க, திரும்பத் தள்ளுவோம். ரெண்டு மூணு நாளைக்குப் பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கலாம். அதுவரைக்கும் சாரம், ஏணி ஏறக் கூடாது. பேச்சு குழறினாலோ, கை கால் இழுத்தாலோ, தள்ளாட்டம் நிக்கவே இல்லன்னாலோ உடனே வந்துடணும். அது வேற விஷயம்."

மேஸ்திரி இன்னும் விடவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. "அப்ப, குடிக்கலன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?"

"குடிச்சாரா, குடிக்கலையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அந்தக் கண்ணு ஆடுறதுக்குக் குடி தேவையில்ல. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். மிச்சத்த நீங்கதான் நம்பணும்."

வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். டைல்ஸ்காரருக்குத் தலை லேசாக, மெத்தென்று இருந்தது. சரியாகிவிட்டதா, அல்லது இனிமேல்தான் தெரியுமா? ஒரு மாத்திரைகூட இல்லாமல் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியை விட்டு வருவது அவருக்குக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தது போல இருந்தது.

மேஸ்திரி சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"டாக்டர் எழுதித் தரல" என்றார் டைல்ஸ்காரர். "நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது? கண்ணு ஆடினத நானே பாத்தேனே. ராத்திரிக்குத் தூக்கம் வருமான்னு தெரியல." சாவியைச் சட்டைப் பையில் போட்டான். "ஊதச் சொன்னது தப்புதான் மாமா. சாரம் ஏற வேணாம். ரெண்டு நாள் கீழ் வேலை பாருங்க. உங்க இடத்துல வேற யாரும் வர மாட்டாங்க."

டைல்ஸ்காரருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதை மறைக்க அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்தும் எதுவும் சுற்றவில்லை.

"டைல்ஸ் காசு…" என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கே" என்றான் மேஸ்திரி. மறுபடி தொழில் குரல் வந்துவிட்டது. "நோயோ, குடியோ, உடைஞ்சது உடைஞ்சதுதான? ஓனருக்கு நான் வச்சாகணும்."

"கூலியில கழிச்சுக்கோ."

"அவர் கூலியில எதுக்குக் கழிக்கணும்?" என்றாள் மனைவி.

"அவர்தானக்கா விழுந்தார்?"

"எதனால விழுந்தார்? டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா? படுத்தா சுத்துனது காதுக் கோளாறு. பெட்டியோட விழுந்தது மாத்திரை. மாத்திரையக் குடுத்தது யாரு? நான். அதுவும் பெரிய துண்டாப் பாத்துக் குடுத்தேன். அப்ப டைல்ஸ உடைச்சது நான்தான். எங்கிட்ட வாங்கு."

மேஸ்திரி அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"உங்கிட்ட நான் எப்பிடிக்கா வாங்குறது?"

"ஏன், என் காசு செல்லாதா? நாலாயிரத்து முந்நூத்தி இருபதும் தர்றேன். ஒரு காசு குறைக்க வேணாம். ஆனா அதுக்கு முன்னாடி, உனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் ஏழு வருஷம் எங்க வீட்டுல மூணு வேளையும் உக்காந்து தின்னியே, அதுக்கு ஒரு கணக்குப் போடு. போன எடு. தட்டு. ஒரு வேளைக்கு எவ்வளவு போடலாம்?"

"அக்கா, ஆள விடுக்கா."

"இல்ல, தட்டு. நீ ஒரு வேளைக்கு ரெண்டு ஆள் சாப்பாடு வேற சாப்பிடுவ."

"நான் வாயக் குடுத்ததே தப்பு" என்று மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கினான். "ஓனருக்கு நான் குடுத்துக்கறேன். யாரும் யாருக்கும் எதுவும் தர வேணாம். தீந்துபோச்சு. போதுமா?"

தன் தலையில் இருந்த நாலாயிரத்து முந்நூற்று இருபது எப்படி மனைவியின் தலைக்கு ஏறியது, அங்கிருந்து எப்படி மச்சினன் தலையில் போய் இறங்கியது என்று டைல்ஸ்காரருக்குப் பிடிபடவே இல்லை. பாதியையாவது தன் கூலியில் கழித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி முழங்கையால் விலாவில் இடித்தாள். வாயை மூடிக்கொண்டார்.